கேட்டு எழுதியது

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூவுகிறவரின் குரலை அவள் கைபேசியில் பதிவு செய்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை மறுபடியும் அங்கே போய், கூட்டம் கலையும்வரை காத்திருந்து, "அண்ணே, நேத்து ஒங்க சத்தத்தப் புடிச்சி வச்சிருக்கேன். நான் செய்யுத கேம்ல போட்டுக்கிடட்டுமா?" என்று கேட்டாள். நானும் உடன் இருந்தேன்.

ஏலக்காரர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "வேண்டாம் தாயி. எம்பொண்டாட்டி கேட்டா, கடக்கரையில கத்துனது பத்தாதுன்னு பெட்டிக்குள்ளயும் போயிக் கத்துதீரான்னு கேப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவர் கண்ணெதிரில் அந்தப் பதிவை அழித்தாள்.

"ஏளா, அழிச்சிட்டியா?" ஏலக்காரரின் முகம் வாடிவிட்டது. "சும்மா வெளாட்டுக்குல்லா சொன்னேன்! நேத்து எப்படிக் கூவுனேன் தெரியுமா? இந்த வருசத்துல சீலா மீனு அந்த வெலைக்குப் போயிருக்கா?"

"இன்னைக்குக் கூவுங்கண்ணே. இப்ப எடுத்துக்கிடுதேன்."

அன்று மீன் வரத்துக் குறைவு. குரலில் முந்தைய நாளின் ஏற்றம் இல்லை. அவள் அப்போது செய்துகொண்டிருந்த சின்ன விளையாட்டில் அந்த இரண்டாம் நாள் குரல்தான் சேர்ந்தது. "நேற்றையது இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்" என்று நான் அங்கலாய்த்தபோது, "நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா அது அவரு குடுத்தது இல்லையே அண்ணாச்சி" என்றாள்.

நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தர். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் தளத்தில் கட்டியது என்று எழுதுவது வேலை. அதே பழக்கத்தில், ஊரில் நடப்பதையெல்லாம் நாள், கிழமை, காற்று போட்டு எழுதிவைப்பது என் சொந்தப் பைத்தியம். முப்பத்தொரு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. அவள் எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வந்ததும் அதில் இருக்கிறது: மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஓங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை, மாலை நாலரை மணி. பெரியதாழைக்காரி, அப்போது இருபத்தெட்டு வயது. சென்னையில் கைபேசி விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு, தனியாகச் செய்வதற்காகத் தென்பக்கம் திரும்பியிருந்தாள். நான்கு வருடம் எங்கள் மாடியில் இருந்தாள். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். அவளைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, பேரு மட்டும் வேண்டாம்" என்று பதில் வந்தது. அதனால் இங்கே அவள் வெறும் அவள்.

அறையைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது என்றாள். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக்குப் போய், மாடிச் சன்னல் அவர்கள் முற்றத்தைப் பார்த்து இருக்கிறது, பகலில் திறந்து வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வந்தாள். என் மனைவி அசந்துபோனாள். "ஏளா, மூச்சு விடுததுக்கும் மனு போடுவியா நீ?"

இந்தக் குணம் எல்லா நாளும் இனித்தது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் நானும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் என் மனைவியைக் கைபேசியில் நான்கு தடவை அழைத்திருக்கிறாள். நாதஸ்வர மேளத்தில் மணி அடித்தது கேட்கவில்லை. திரும்பி வந்தபோது துணி அத்தனையும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒங்க துணிய நான் தொடலாமான்னு தெரியல மைனி, அதான் கேக்கலாம்னு…"

"மழைக்கிட்டப் போயிக் கேட்டியா, கொஞ்சம் நில்லுன்னு?" என்றாள் என் மனைவி. இரண்டு நாள் அந்தப் பேச்சு ஓடியது. மூன்றாம் நாள் அவளே இறங்கி வந்து, "மைனி, அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். கேக்க நேரம் இல்லன்னா என்ன செய்யணும்னு யோசிச்சி வைக்கல" என்றாள். கேலிக்குச் சொன்னதை அவள் இரண்டு நாளாக யோசித்திருக்கிறாள்!

சென்னை வேலையை ஏன் விட்டாள் என்பதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அங்கே அவள் செய்த ஒரு விளையாட்டில், விளையாடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு படகு உண்டு. ஒருநாள் திறக்காமல் விட்டால் கைபேசியில் செய்தி வரும்: 'உங்கள் படகில் தண்ணீர் ஏறுகிறது, உடனே வாருங்கள்.' அந்தச் செய்தியை எழுதியவள் அவள். ஆட்கள் ஓடிவந்தார்கள், அவளுக்கு மேசை தட்டிப் பாராட்டு. பிறகு ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், மடியில் குழந்தை அழ அழ, அந்தப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பதை இவள் பார்த்தாள்.

"அந்தப் படகுல தண்ணியே கெடையாது அண்ணாச்சி. ஓட்டையும் கெடையாது. நான் எழுதுன ஒரு வரி. இப்படி என்னைப் புடிச்சி வச்சிக்கோன்னு அந்த அம்மா எங்கிட்டச் சொல்லவே இல்ல."

அதற்குப்பின் அவள் செய்த எதிலும் 'சரி' என்ற பட்டனும் 'வேண்டாம்' என்ற பட்டனும் ஒரே அளவில், ஒரே நிறத்தில்தான் இருக்கும். மற்ற இடங்களில் அப்படி இருக்காது என்பதை அவள் சொல்லித்தான் கவனித்தேன். நீங்களும் உங்கள் கைபேசியில் பார்க்கலாம்.

எனக்குப் புத்தகம் படித்துவிட்டு வாதம் செய்வதில் ஆசை உண்டு. நீதி என்றால் என்ன, நன்மையை எண்ணித் தப்பு செய்யலாமா என்றெல்லாம் கிழக்கும் மேற்குமாகப் படித்ததைக் கொண்டுபோய் அவளிடம் கொட்டுவேன். அவள் வாயால் பதில் சொல்லமாட்டாள். மூன்று நாள் கழித்து ஒரு சின்ன விளையாட்டைச் செய்து கீழே கொண்டுவந்து, "வெளையாடிப் பாருங்க" என்பாள். அதுதான் பதில்.

அப்படி ஒன்று நினைவிருக்கிறது. இரக்கம் காட்டுவதில் தப்பே வராது என்று நான் சொல்லியிருந்தேன். அவள் கொண்டுவந்த விளையாட்டில் நான் ஒரு மருத்துவமனை வரிசையை நடத்துகிறவன். திரையில் முன்னால் நிற்கும் நான்கு பேர் தெரிவார்கள். ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார், ஒரு கிழவி இருமுவாள். நான் தாராளமாக ஆட்களை முன்னே விட்டேன். அரைமணி நேரம் நல்லவனாக இருந்த திருப்தியோடு முடித்தேன். முடிந்ததும் திரை மெல்லப் பின்னால் நகர்ந்து முழு வரிசையையும் காட்டியது. கடைசியில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, நான் ஆரம்பித்தபோது எங்கே நின்றாளோ அதே இடத்தில் நின்றாள். கெஞ்சத் தெரியாதவள் போல.

"இது அநியாயம். அவளை நீ எனக்குக் காட்டவே இல்லையே!" என்றேன்.

"நீங்க பின்னால எத்தன பேருன்னு கேக்கவே இல்லையே அண்ணாச்சி. மேல ஓரத்துல ஒரு பட்டன் இருந்துச்சி."

இருந்தது. நான்தான் அதைத் தொடவில்லை. மதிப்பெண் கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. "மார்க் போட்டா நான் தீர்ப்பு சொல்லுத மாதிரி ஆயிரும். கம்ப்யூட்டருக்குச் சரி தப்பு தெரியாது. நான் எழுதுனதுதான் அதுக்குச் சரி. அதனால பயந்து பயந்து எழுதணும்" என்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் நான் ஒரு பெரிய தப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவள் வந்து ஒன்றரை வருடம் ஆனபின், என் நோட்டுகளைப் படிக்கக் கேட்டாள். பதினேழாவது நோட்டில், ஒரு செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் நின்றுவிட்டாள். சங்கு குளிக்கப் போன ஓர் இளைஞன் திரும்பாததைப் பற்றிய குறிப்பு. மொத்தம் நான்கு வரி. 'கயிறு ஆடியது. மேலே இருந்தவர், கடலடி நீரோட்டம் ஆட்டுகிறது என்று நினைத்தார். இழுத்தபோது நேரம் கடந்திருந்தது. கயிறு பிடித்தது மச்சான்.'

முத்துக் குளிப்பைப் பற்றி எழுதிய எல்லோரும் விடாமல் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. மூழ்குகிறவனின் கயிற்றை மேலே படகில் பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கயிற்றில் கவனம் தப்பினால் சொந்தத் தங்கையின் தாலி போகும். ஆகவே கவனம் தப்பாது. சங்குக்கும் அதே வழக்கம்தான் என்று எனக்கு எண்ணம்.

"இது கேட்டு எழுதுனதா அண்ணாச்சி?" என்றாள்.

"ஆமா, கேட்டு எழுதினதுதான்" என்றேன்.

சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டு எழுதியதா என்பது அவள் கேள்வி. டீக்கடையில் ஒரு படகுத் தச்சர் சொன்னதைக் காதால் கேட்டு எழுதினேன் என்பது என் பதில். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

அந்த நான்கு வரியிலிருந்து அவள் இரண்டு வருடம் உழைத்து 'கயிறு' என்ற விளையாட்டைக் கட்டினாள். திரையில் படகின் விளிம்பு, தண்ணீர், தண்ணீருக்குள் இறங்கும் கயிறு. அவ்வளவுதான். கடலடி தெரியாது. விளையாடுகிறவர் கையில் ஒரு கன்ட்ரோலர். அதன் அதிர்வுதான் கயிறு. நீரோட்டமும் அதிரும், மூழ்கியவன் அழைத்தாலும் அதிரும். ஒரே ஒரு பட்டன்: இழு. சீக்கிரம் இழுத்தால் வெறும் பையோடு வருவான். தாமதமானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் முகம் தெரியாத பலர் இறங்குவார்கள். கடைசியில் இறங்குகிறவனைக் காட்டி, 'இவன் உன் தங்கையின் கணவன்' என்று ஒரு வரி வரும். விளையாடிப் பார்த்த அத்தனை பேரும் அந்த வரியைப் பார்த்ததும் சீக்கிரம் இழுத்தார்கள். நானும்தான். அப்போது திரை சொல்லும்: 'சொந்தம் என்றதும் உன் கை விழித்துக்கொண்டது. முன்னால் இறங்கியவர்களுக்கு அது ஏன் விழிக்கவில்லை?'

அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். என் வீட்டு மாடியில் பிறந்த கேள்வி அல்லவா!

பெங்களூரில் ஒரு கண்காட்சிக்கு அந்த விளையாட்டு தேர்வானது. நன்றி சொல்லும் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தவள் இறங்கி வந்து, "அந்தக் கயிறு பிடிச்சவரு பேரு போடணுமா வேண்டாமான்னு அவர்ட்ட கேட்டுச் சொல்லுதியளா?" என்றாள்.

"அவரை எனக்குத் தெரியாதேம்மா. டீக்கடையில கேட்டதுதானே."

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "தப்பு என்னுது. கேட்டுன்னா ரெண்டு அர்த்தம். எனக்குப் புடிச்சத எடுத்துக்கிட்டேன்." பிறகு எழுந்தாள். "அவரு இருக்காரான்னு பாப்போம். அவரு வேண்டாம்னு சொன்னா இது வெளிய போகாது."

விசாரித்ததில், அவர் உயிரோடு இருந்தார். திரேஸ்புரத்தில், என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத் தொலைவில். ஞாயிறு மதியம் போனோம். அறுபது வயதிருக்கும், படகுகளுக்குக் காவல் இருக்கிறவர். மனைவி கருவாட்டுக் கடைக்குப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் என் நோட்டைக் காட்டினேன். தேதியைப் பார்த்தார். "தேதி சரிதான்" என்றார். அன்றைக்கு அந்தச் சொல் எனக்குப் பெருமையாக இல்லை.

அவள் கன்ட்ரோலரைக் கொடுத்தாள். அதிர்ந்ததும் அவர் சிரித்தார். "கயிறு இப்படி ஆடாதும்மா. இது என்ன, தேனீயப் புடிச்சி வச்ச மாதிரி இருக்கு." ஆனாலும் விளையாடினார். கடைசி ஆள் இறங்கினான். 'இவன் உன் தங்கையின் கணவன்.'

"தங்கச்சியா? எனக்குத் தங்கச்சியே கெடையாதே."

"மச்சான்னு எழுதியிருந்துச்சி மாமா…"

"மச்சான்தான். அவன் என் வீட்டுக்காரிக்குக் கூடப் பொறந்த தம்பி. அவன் அக்காளத்தான் நான் கெட்டியிருக்கேன். அவன் என்னை மச்சாம்பான், நானும் அவன மச்சாம்பேன். இருவத்திரெண்டு வயசு. கல்யாணம் ஆவல."

தலைகீழ். தங்கையைக் கட்டியவனும் மச்சான், அக்காவைக் கட்டியவனும் மச்சான். முப்பத்தொரு நோட்டிலும் கிழமை தவறாத எனக்கு, யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்கத் தோன்றவில்லை.

அவரும் சீக்கிரமே இழுத்துவிட்டு, திரையில் வந்த கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்தார். சொந்தம் என்றதும் உன் கை விழித்துக்கொண்டது. கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"அப்ப என் கை தூங்கிட்டுன்னுதான் இதுவும் சொல்லுது. ஊரும் அதத்தான் சொல்லிச்சி. சொந்தத் தங்கச்சி தாலியா இருந்தா இப்படி விட்டுருப்பானான்னு. இருவத்தேழு வருசமாச் சொல்லுது."

அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்குக் காலையில ரெண்டு மட்டம் இழுத்தேன். கயிறு லேசா ஆடுனாலும் எனக்குப் பொறுக்காது. எந்தோள்ல கெடந்து வளந்த பய. ரெண்டு மட்டமும் வெறும் பையோட மேல வந்து என்னை ஏசுனான். 'மச்சான், நீரு பயந்தாங்கொள்ளி. நீவாட்டுல ஆடுத கயித்துக்கெல்லாம் இழுக்கீரு. நான் சொல்லாம இழுக்காதீரும்'னான். சரிடேன்னேன். மூணாவது மட்டம் ஆடிச்சி. நீவாடுன்னு இருந்தேன். அவன் பேச்ச மதிச்சி இருந்தேன்."

கடலடி ஓட்டத்தைத்தான் அவர்கள் நீவாடு என்பார்கள்.

"இத அத்தைகிட்டச் சொல்லியிருக்கியளா மாமா?"

"எப்படிச் சொல்ல? ஒன் தம்பி சொல்லித்தான் இழுக்காம இருந்தேன்னா, செத்தவன் மேல பழியத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்காதா? அவளும் கேக்கல. அந்தப் பயலப் பத்தி வீட்டுல பேச்சே எடுக்குததில்ல."

அவள் மடிக்கணினியை மூடினாள். "இத நான் காட்ட மாட்டேன் மாமா. இது ஒங்களப் பத்திப் பொய் சொல்லுது. அழிச்சிரட்டுமா?"

அவர் கீழே வைத்த கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்தார். "சரியாச் செய்ய முடியுமா?"

"முடியும்னு நெனைக்கேன்."

"அப்ப செய். செஞ்சி அவகிட்டக் காட்டு. அவன் எனக்கு மச்சான், அவளுக்கு ரெத்தம். அவ சரின்னா சரி. வேண்டாம்னா பெட்டிக்குள்ள இருக்கத எல்லாம் அழிச்சிரணும்."

"அழிச்சிருதேன் மாமா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று பார்த்தேன். இரண்டு வருட உழைப்பு, இன்னும் எத்தனை மாதமோ. அவள் குரலில் தயக்கம் இல்லை.

மறுநாள் பெங்களூரிலிருந்து தொலைபேசி வந்தது. அவள் பக்கத்துப் பேச்சுதான் எனக்குக் கேட்டது. "இல்ல சார், சின்ன மாத்தம் இல்ல. அதுல ஒருத்தரப் பத்தித் தப்பாச் சொல்லியிருக்கேன்… ஆமா சார், வர்றவங்க யாருக்கும் தெரியாதுதான்… அவருக்குத் தெரியுமே சார்." வைத்துவிட்டாள். கண்காட்சி அவள் இல்லாமல் நடந்தது. அன்றைய குறிப்பில் நான் கிழமையும் காற்றும் மட்டும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த நான்கு மாதம் அவர் வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு நாளை மறக்க முடியாது. நிஜக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து ஒரு முனையை மாடியில் அவள் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு படிக்கட்டின் அடியில் போய் நின்றார். கயிற்றை ஆட்டினார்.

"இது நீவாடு!" என்று கீழிருந்து குரல் வந்தது. மறுபடி ஆட்டினார். "இது அவன்!"

அவள் கண்ணை மூடிக் கயிற்றைப் பிடித்திருந்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு மாமா!"

"அதத்தான சொல்லுதேன்!"

அவள் பழைய கேள்வியை எடுத்துவிட்டாள். நான் அடிக்கோடு போட்ட அந்த வரி போயே போய்விட்டது. எனக்கு மனசில்லை, வாதாடினேன். "அழகா இருந்துச்சி அண்ணாச்சி. ஆனா அன்பு இருந்தா கை தப்பாதுன்னு அது சொல்லுது. அவருக்கு அன்பு இருந்துச்சி" என்றாள். புதிய விளையாட்டில் முகம் தெரியாதவர்கள் இல்லை. ஒரே ஒருவன், மூன்று தடவை இறங்குகிறான். நீங்கள் சீக்கிரம் இழுத்தால் மேலே வந்து திட்டுவான். திட்டுகிற குரல் அவளுடைய சொந்தத் தம்பியுடையது. அதையும் அவனிடம் கேட்டுத்தான் எடுத்திருப்பாள்.

ஒரு சனிக்கிழமை காலை திரேஸ்புரம் போனோம். அவருடைய மனைவி வாசலிலேயே நின்றார். உயரமான, கட்டுக்கோப்பான பெண். என்னைப் பார்க்கவே இல்லை.

"நீதான் எந்தம்பிய வெளையாட்டு ஆக்குனவளா?"

"ஆமா அத்தை."

"சாவு ஒனக்கு வெளையாட்டாத் தெரியுதா?"

"இல்ல அத்தை. எனக்கு இதத் தவிர வேற விதமாச் சொல்லத் தெரியாது. ஒரு தடவ பாருங்க. வேண்டாம்னு சொன்னியன்னா ஒங்க முன்னாலயே அழிச்சிருதேன். வேற எங்கயும் இதுக்கு நகல் கெடையாது."

அது உண்மை. நகல் அத்தனையையும் முந்தின நாள் அவள் அழித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அந்த அம்மா உட்கார்ந்தார். அவர் கணவர் உள்ளே வரவில்லை. நடைக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார். திரையில் தண்ணீர். கயிறு லேசாக அதிர்ந்ததுமே அந்த அம்மா இழுத்துவிட்டார். இளைஞன் வெறும் பையோடு மேலே வந்தான். "ஏன் இழுத்தீரு? இப்பத்தான் சங்குல கை வச்சேன்!" இரண்டாம் தடவை இன்னும் சீக்கிரம் இழுத்தார். "பயந்தாங்கொள்ளி! நான் சொல்லாம இழுக்காதீரும்!" அந்த அம்மா தன்னையறியாமல், "சரிடே, சரிடே" என்றார்.

மூன்றாம் தடவை அதிர்ந்தது. அந்த அம்மாவின் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அழுத்தவில்லை. மறுபடி அதிர்ந்தது. அழுத்தவில்லை. பிறகு அதிர்வு நின்றது. திரையில் எந்த எழுத்தும் வரவில்லை. தண்ணீர் மட்டும் இருந்தது.

அந்த அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேல இருக்கவனுக்கு இவ்வளவுதான் தெரியுமா?"

"இவ்வளவுதான் அத்தை."

"எனக்கு அழுத்தத் தோணலையே. அவன் ஏசுவான்னுல்ல இருந்தேன்." தலையைத் திருப்பி நடைப்பக்கம் பார்த்தார். "ஓய், இங்க வாரும். நீரு அங்கன ஏன் நிக்கீரு?"

அவர் உள்ளே வந்தார். அந்த அம்மா நகர்ந்து பாயில் இடம் விட்டார். அவர் உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் திரையில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கேட்டாக வேண்டியதைக் கேட்டாள். "நாலு பேருக்குக் காட்டட்டுமா அத்தை? இல்ல அழிச்சிரவா?"

அவளைப் பார்த்தேன். எந்தப் பதில் வந்தாலும் அதன்படி செய்யத் தயாராக, மடிக்கணினிமேல் கையை வைத்து, கெஞ்சாமல் உட்கார்ந்திருந்தாள். நான் இத்தனை வருடம் படித்த நீதி நூல்களில் எதிலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்து பார்த்ததில்லை. என் வீட்டு மாடியில் இருக்கிற பெண் இவள் என்று அந்தத் தெருவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"காட்டு" என்றார் அந்த அம்மா. "ஆனா இப்படியே காட்டக் கூடாது. இதுல அவன் ஏசிக்கிட்டே இருக்கான். அவன் ஏசுதவன் இல்ல. சங்கு கெடச்சிட்டுன்னா மேல வரும்போதே சிரிச்சிக்கிட்டுத்தான் வருவான். அந்தச் சிரிப்ப இதுல காணோம். அதப் போட்டுட்டுக் காட்டு."

அவள் பையிலிருந்து பென்சிலையும் நோட்டையும் எடுத்தாள். "எப்படிச் சிரிப்பாரு அத்தை?"

"வாயி நெறையச் சிரிப்பான். பல்லு அத்தனையும் தெரியும்."

"எங்க தெரியும்?" என்றார் கணவர். "முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கும்னு ஒதட்ட மூடிக்கிட்டுல்லா சிரிப்பான்."

"ஒம்மகிட்ட மூடியிருப்பான். எங்கிட்ட எதுக்கு மூடுதான்? பல்லு ஒடஞ்சதே எங்கையாலதான்."

"அப்ப படகுல இருந்து விழுந்து ஒடஞ்சதுன்னான்?"

"ஒம்மகிட்ட அப்படிச் சொன்னானா?" அந்த அம்மா தம்பியின் பெயரைச் சொல்லி, "கள்ளப்பய" என்றார். அவரும் அந்தப் பெயரைச் சொன்னார். அவள் ஒரு வாயை வரைந்து காட்டினாள்; இருவரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அந்த வீட்டில் இருபத்தேழு வருடமாக யாரும் எடுக்காத பெயர், அன்று மதியச் சோற்று நேரத்துக்குள் பதினான்கு தடவை வந்தது. நான் எண்ணினேன்.